உங்களுக்குத் தெரியுமா? பிசுக்கு சாது, பெட்ரோல்தான் முரடு!

எஞ்சின் ஆயில் லேசில் தீப்பிடிக்காது. அதன் ஆவி பற்றிக்கொள்ள வேண்டுமானால் 200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். ஆனால் எஞ்சின் பாகங்களில் பிசுக்காக ஒட்டிய அந்த ஆயிலைக் கழுவ ஊற்றுகிறோமே பெட்ரோல், அதன் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளத் தயார்! ஊட்டியில் உறைபனி கொட்டும் விடியற்காலையில்கூட!

மண்ணெண்ணெய் கொஞ்சம் பரவாயில்லை. அதற்கு 35 டிகிரிக்கு மேல் வேண்டும். வேலூர்க்காரர்கள் சிரிப்பது கேட்கிறது. மே மாத மத்தியானத்தில் அங்கே அந்தக் கணக்கும் காலி!

பெட்ரோல் ஆவி மேலே போகாது! காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனம். தரையோடு தரையாக ஊர்ந்து, வாசல்படி தாண்டி, பூஜை விளக்கையோ கேஸ் அடுப்பையோ தேடிப் போகும். நீங்கள் பின்கட்டில் உட்கார்ந்து எஞ்சின் சிலிண்டரைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். தீ அடுப்படியிலிருந்து கிளம்பி உங்களிடம் வரும்!

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக ஆவியானால் எவ்வளவு காற்றைக் கெடுக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 13 கன மீட்டர்! பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் அதில் ஏறக்குறைய பாதி அறை, தீக்குச்சிக்காகக் காத்திருக்கும் கலவை!

பிளாஸ்டிக் பேசினில் பெட்ரோல் ஊற்றி, நைலான் பிரஷால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகும். பொறி பறக்கத் தீப்பெட்டியே தேவையில்லை!

ஆக, வீட்டில் பெட்ரோல் வேண்டாம். ஒரு சொட்டுகூட!

சரி, மண்ணெண்ணெய்தான் என்றால் ஒரு கேள்வி. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏன்? கள்ளத்தனமாக வேறு வேலைக்குப் போனால் கண்டுபிடிக்க! சமைக்கவும் விளக்கேற்றவும் மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம் என்பது சட்டம். எஞ்சின் கழுவினால் அது சட்டப்படி தப்பு! வெளிச்சந்தையில் விற்கும் மண்ணெண்ணெயை வாங்குங்கள்.

வாங்கியதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் எல்லோரும் செய்வது தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது. அதுதான் மகா தப்பு! வாந்தி வரும்போது மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலில் அது பல மடங்கு கொடியது. வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அவ்வளவுதான்!

கழுவி அழுக்கான மண்ணெண்ணெயைக் கொட்ட வேண்டாம்! மூடிபோட்ட தகர டப்பாவில் ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். சேறு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை இறுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

இப்போது ஒரு குண்டு. தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடா சேர்த்தால் சோப்பாகும். எல்லோருக்கும் தெரியும். எஞ்சின் ஆயிலில் சேர்த்தால்? எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் சோப்பாகாது! தாவர எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலம் பெட்ரோலியத்திலிருந்து வந்த ஆயிலில் கிடையாது!

பிறகு எது அதைக் கழற்றும்? உங்கள் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் திரவம்! அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். கூடவே நல்ல வெந்நீரும் ஒரு பிரஷும் இருந்தால் முக்கால்வாசிப் பிசுக்கு போய்விடும். விலை சில ரூபாய். தீ அபாயம் பூஜ்யம்!

மீதி ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிறப் பளபளப்பு இருக்கிறதே, அது ஆயிலே இல்லை! ஆயில் சூட்டில் காற்றோடு சேர்ந்து பிசினாக இறுகிப் போன கோலம். உங்கள் வீட்டு இரும்பு தோசைக்கல் பழகப் பழகக் கறுத்து மினுமினுக்குமே, ஏறக்குறைய அதே சமாசாரம்தான். அங்கே அதைக் காப்பாற்றுகிறோம், இங்கே சுரண்டுகிறோம்!

சுரண்ட வேண்டாம், ஊற வையுங்கள். சலவை சோடா கரைத்த வெந்நீரில்!

சலவை சோடா கிடைக்கவில்லையா? சமையல் சோடாவை வாணலியில் போட்டு நன்றாக வறுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் கிளம்பிப் போக, மிச்சம் இருப்பது சாட்சாத் சலவை சோடா! (பிறகு அதை பஜ்ஜி மாவில் போட்டுவிடாதீர்கள்.)

சலவை சோடாவின் பி.எச். சுமார் 11. காஸ்டிக் சோடாவுக்கு 14 வரை போகும். மூன்று எண்தானே வித்தியாசம்? இல்லை! ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. ஆக, காரத்தன்மை 1,000 மடங்கு!

அந்த காஸ்டிக் சோடா வார்ப்பிரும்பை ஒன்றும் செய்யாது. பெரிய ஒர்க்‌ஷாப்களில் எஞ்சின் பிளாக்கை முக்கி எடுக்கும் சூடான தொட்டியில் காலங்காலமாக இருந்தது அதுதான். ஆனால் அதே தொட்டியில் அலுமினியத்தைப் போட்டால் நுரைத்துப் பொங்கும், பாகம் கரையும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும்!

இதில் மாட்டிக்கொள்ளப்போவது யார் தெரியுமா? பழைய புல்லட் வைத்திருப்பவர்கள்! 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் வளர்ந்த அந்த வண்டியை ‘காஸ்ட் அயர்ன் புல்லட்’ என்றுதான் ஊரே சொல்லும். உண்மையில் அதில் வார்ப்பிரும்பு சிலிண்டர் பேரல்தான்! மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். கீழே இருக்கும் கிராங்க் கேஸும் அலுமினியம். 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 சி.சி. அதைச் சுற்றிலும் இருக்கும் அந்த ஒரு துண்டுதான் வார்ப்பிரும்பு! பேரை நம்பி மொத்தத்தையும் காஸ்டிக்கில் போட்டால் ஹெட் கோவிந்தா!

எது இரும்பு, எது அலுமினியம்? பத்து வருடப் பிசுக்குக்கு அடியில் எல்லாம் கறுப்புதான். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையை எடுத்து வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் விழுந்தால் அலுமினியம். இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் உண்டா?

துத்தநாகம் பூசிய வாளியையும் காஸ்டிக் தின்றுவிடும்!

காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரை காஸ்டிக்கில் ஊற்றவே கூடாது! கரையும்போது அடுப்பே இல்லாமல் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடேறும். ஊற்றும் வரிசை மாறினால் முகத்தில் தெறிக்கும்.

கண்ணில் பட்டால் ஆசிட் மோசமா, காரம் மோசமா? ஆசிட் என்றுதானே சொல்கிறீர்கள்? பெரும்பாலும் காரம்தான்! ஆசிட் பட்ட இடத்தில் திசு உறைந்து ஒரு தடுப்பு உண்டாகும். காரமோ கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேராக ஆஸ்பத்திரி. என்னைக் கேட்டால், வீட்டுக்கு சலவை சோடாவே போதும். காஸ்டிக்கை ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிடுங்கள்.

புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்கு அமிர்தம். எஞ்சின் இரும்புக்கு விஷம்! அமிலம் எண்ணெயைத் தொடாது, இரும்பைத்தான் அரிக்கும். கோலா பானம் ஊற்றினாலும் அதே கதை. அதில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் துருவை எடுக்கும், ஆயிலை எடுக்காது!

சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். வார்ப்பிரும்பு சுமார் 1,200 டிகிரியிலேயே உருகிவிடும். காரணம், அதில் கலந்திருக்கும் வெறும் 2 முதல் 4 சதவீதக் கரி!

அந்தக் கரியில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்கள். பள்ளிக்கூடப் பென்சிலுக்குள் இருப்பதும் கிராஃபைட்தான்! லேத்தில் வார்ப்பிரும்பைக் கடையும்போது சுருள் சுருளாக வராமல் கறுப்புத் தூளாகக் கொட்டுகிறதே, கைவரிசை அதனுடையதுதான்.

வார்ப்பிரும்புக்கு வியர்க்கும்! கழுவித் துடைத்துப் பளிச்சென்று வைத்த பழைய பிளாக்கை வெல்டிங்குக்காகச் சூடாக்கினால், நுண்துளைகளில் வருடக்கணக்கில் ஊறிய ஆயில் கசிந்து வெளியே வரும். வெல்டர்கள் முதலில் சூடாக்கி, துடைத்து, மறுபடி சூடாக்குவது இதனால்தான்!

ஆனால் சூடாக இருக்கும் பிளாக்கில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. வார்ப்பிரும்பின் குணம் அது. அமுக்கத்தைத் தாங்கும் வலு இழுவையைத் தாங்கும் வலுவைவிட 3, 4 மடங்கு. வெளிப்பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கினால் இழுவைதான் உண்டாகும். ‘டங்’ என்று ஒரு சத்தம். விரிசல்!

சிலிண்டரின் உள்சுவரைச் சாணைக்கல்லால் தேய்த்து, அதாவது ஹோனிங் செய்து கொண்டுவருகிறீர்கள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக அழகான கோடுகள். மெக்கானிக் மண்ணெண்ணெயால் துடைத்துக் கொடுத்துவிட்டார். போதும் என்று நினைக்கிறீர்களா? போதாது! மண்ணெண்ணெய் ஆயிலைக் கரைக்கும், சாணைக்கல் தூளை அந்தக் கோடுகளுக்குள்ளேயே விட்டுவிடும். புது பிஸ்டன் ரிங்கை அரைத்துத் தின்பது அந்தத் தூள்தான். தூளைத் தூக்கி வெளியே கொண்டுவருவது சோப்பும் வெந்நீரும் பிரஷும்! கழுவிய பிறகு வெள்ளைத் துணியில் சுத்தமான ஆயிலைத் தொட்டுத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து!

அந்த வெள்ளைத் துணிக்கு என் சிபாரிசு பழைய பருத்தி வேட்டி. முதல் துடைப்புக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் பிரமாதம். தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக் கடையிலும் ஒரு மூட்டை கிடக்கும். ஆனால் அதன் நூல் பிசிறு ஒன்று ஆயில் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தால் எஞ்சினுக்கே ஆயில் போகாது! கடைசித் துடைப்புக்கு வேட்டிதான்.

ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும்! எஞ்சின் ஆயில் துணி அந்த விளையாட்டைக் காட்டாது. மண்ணெண்ணெய்த் துணிக்கு ஒரு பொறி போதும். விரித்துக் காயப்போடுங்கள், திறந்த வெளியில்.

பேட்டரி சார்ஜரை வைத்துத் துரு எடுக்கலாம்! சலவை சோடாத் தண்ணீரில் எஞ்சின் பாகத்தை எதிர்முனையில் மாட்டி, நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் துண்டைத் தொங்கவிட்டால் துருவும் பிசுக்கும் சேர்ந்தே இளகும். இணையத்தில் எல்லோரும் செய்து காட்டுகிறார்கள். ஆனால் அந்த இரும்புத் துண்டுக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியை மாட்டினால்? தண்ணீர் மஞ்சளாகும். அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு! சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால்? குளோரின் வாயு! ஒழுங்காகச் செய்தாலும் ஹைட்ரஜன் குமிழி வரும். ஆகவே மொட்டை மாடியில் செய்யுங்கள், குளியலறையில் வேண்டாம்!

பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் ஒரு வகை குளோரின் கலந்தது. அதை அடித்து, காயாமல் வெல்டிங் வைத்தால் என்ன வாயு வரும் தெரியுமா? ஃபாஸ்ஜீன்! முதல் உலகப் போரில் படைவீரர்கள்மேல் ஏவிய அதே விஷவாயு!

பழைய எஞ்சினுக்குள் படிந்திருக்கும் கரியில் ஈயம் இருக்கலாம். இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1-இல்தான்! உலகிலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல்! தாத்தா காலத்து வண்டியின் கரியை உலர்ந்தபடியே சுரண்டி ஊதாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள்.

பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கலாம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கம்பி பிரஷ் போடுவதும் கூடவே கூடாது. நனை, வழி, மூட்டை கட்டு!

காற்றடித்துச் சுத்தம் செய்ய எவ்வளவு அழுத்தம் சரி? அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி 30 பி.எஸ்.ஐ.க்குள் என்கிறது. பஞ்சர் கடை கம்ப்ரசர் 100-ஐத் தாண்டும்! தோலில் சின்னக் காயம் இருந்தால்கூட அதன் வழியே உடம்புக்குள் காற்றை ஏற்றிவிடும். விளையாட்டுக்குக்கூட ஒருவர்மேல் அடிக்காதீர்கள்.

கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடியைத் தண்ணீரில் போட்டு ‘ஙொய்’ என்று சத்தம் வரச் சுத்தம் செய்கிறார்களே, அந்த மீயொலித் தொட்டியில் உடையும் நுண்குமிழிக்குள் வெப்பம் சுமார் 5,000 டிகிரி! கையில் சுடாது. கார்ப்பரேட்டர் ஜெட் போன்ற பொடிப் பொருள்களுக்கு அருமை. சோப்புத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், பெட்ரோல் ஊற்றினால் வெடிகுண்டு!

புது ஆயிலைவிடப் பழைய ஆயில் தோலுக்குக் கெடுதல். எஞ்சினுக்குள் எரிந்த எச்சங்கள் அதில் சேர்ந்துகொண்டே போகும். புகைக்கரியும் புற்றுநோயும் சொந்தக்காரர்கள் என்பதை லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் கண்டு எழுதியது 1775-இல்! புகைபோக்கி துடைக்கும் பிள்ளைகளைப் பார்த்து. பிறகு லங்காஷயர் நூற்பாலைகளில் இயந்திர எண்ணெய் தெறித்துத் தெறித்துக் கால்சட்டை ஊறிப்போன தொழிலாளர்களுக்கும் அதே தோல் புற்று. கறுப்பு ஆயில் நனைந்த துணியைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொள்ளும் பழக்கம் உண்டா? இன்றோடு நிறுத்துங்கள்!

கையில் ஒட்டிய பிசுக்கைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். தோலின் சொந்த எண்ணெயையும் உருவிக்கொண்டு போய்விடும், பென்சீனும் உள்ளே போகும். கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் தேயுங்கள். எண்ணெயை எண்ணெய் கரைக்கும்! பிறகு சோப்பு.

கழுவி முடித்த வார்ப்பிரும்பு துருப்பிடிக்க எத்தனை நாள் ஆகும்? நாளா? நிமிடங்கள்! எண்ணெய் முழுக்கப் போய்விட்ட இரும்புக்கு உடுப்பே இல்லை. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். சென்னையில் அதற்குப் பஞ்சமா?

அதனால் கடைசி அலசலைக் குளிர்ந்த தண்ணீரில் செய்யாதீர்கள். நன்றாகச் சுடும் வெந்நீரில் செய்தால் இரும்பே சூடேறித் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும்! கைச்சூடு தாங்கும் பதம் வந்ததும் மெல்லிய ஆயில் பூச்சு. வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பில் உங்கள் கைரேகை அப்படியே துருவாகப் பதியும். திருடன் மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்வீர்கள்!

டபிள்யூ.டி.-40 ஸ்பிரேயின் பேரில் வரும் 40 எதற்கு? 1953-இல் சான் டியேகோவில் நீரை விரட்டும் ஒரு கலவையைத் தேடினார்கள். அது கைகூடியது 40-ஆவது முயற்சியில்! அட்லஸ் ஏவுகணையின் தோல் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது, இன்று நம் சைக்கிள் செயினில்!

இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் உருவாக்கிய ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், நிமிடத்துக்கு வெறும் 650 சுற்றுதான். பிறந்த மண்ணில் அது நின்றுபோய்விட்டது. அதன் நகல்களைக் குஜராத்தின் ராஜ்கோட்டில் வார்த்து உலகமெல்லாம் அனுப்பினார்கள்! வெளிநாட்டில் வாங்கியவர்கள் முதல் வேலையாக என்ன செய்தார்கள் தெரியுமா? புத்தம் புது எஞ்சினைப் பிரித்துக் கழுவினார்கள்! வார்ப்பு அச்சின் மணல் உள்ளே தங்கியிருக்குமோ என்ற பயம்தான்.

உங்கள் எஞ்சினைக் கழுவுவது பெரிய வேலையா? வார்ட்சிலா-சுல்சரின் 14 சிலிண்டர் கப்பல் எஞ்சினைப் பாருங்கள். எடை 2,300 டன்! ஒரு சிலிண்டரின் உள்விட்டம் 960 மில்லிமீட்டர். ஆளே உள்ளே இறங்கலாம்! இத்தகைய எஞ்சின்களில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் காற்றறையில் ஆயில் பிசுக்கு சேரச் சேர, ஒரு நாள் நடுக்கடலில் அதுவே தீப்பிடிக்கும். கப்பல் எஞ்சினியர்கள் துறைமுகத்தில் உள்ளே புகுந்து கையால் சுரண்டுகிறார்கள்!

கழுவிய கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு தடவை ஆயில் மாற்றும்போது வரும் பழைய ஆயில், சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கும்! அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் கணக்கு இது. சிந்தியதன்மேல் மரத்தூளோ மணலோ போட்டு அள்ளுங்கள்.

சேர்த்துவைத்த பழைய ஆயிலைத் தனி கேனில் மூடி, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். ஆயில் அழுக்காகுமே தவிரத் தேய்ந்து போகாது! சுமார் 2.4 லிட்டர் எஞ்சின் ஆயில் எடுக்க 159 லிட்டர் கச்சா எண்ணெய் வேண்டும். பழைய ஆயிலிலிருந்து அதே அளவு எடுக்க 3.8 லிட்டர் போதும்!